கவர்னர் விசிட்: பழைய பூட்டைத் திறந்து காட்டுங்கள்!

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரே இரவில் ஒரு பேனர் முளைத்திருக்கும். 'மாவட்ட ஆளுநர் அவர்களே வருக, வருக!' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கோட்டு போட்ட ஒருவர் கைகூப்பிச் சிரிப்பார். அவருக்குக் கீழே தபால்தலை அளவில் இருபது முப்பது முகங்கள்.

டீக்கடை வாசலில் நிற்கும் பெரியவர் குழம்பிப்போவார். "ஆளுநர்னா சென்னையில கிண்டியில இருக்கறவர்தானே? நம்ம ஊருக்கு எதுக்குப்பா வர்றாரு?"

இவர் அந்த ஆளுநர் இல்லை. இவர் ரோட்டரி மாவட்ட ஆளுநர். சங்க உறுப்பினர்களுக்கு 'டி.ஜி.' அல்லது 'கவர்னர்'. லயன்ஸ் சங்கம் எனப்படும் அரிமா சங்கத்துக்கும் இதேபோல மாவட்ட ஆளுநர் உண்டு. சம்பளம் கிடையாது. பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். ஜூலை 1 அன்று தொடங்கி, அடுத்த ஜூன் 30 அன்று முடிந்துவிடும்.

அந்த ஒரு வருடத்துக்குள் ரோட்டரி ஆளுநர் தன் பொறுப்பில் உள்ள எல்லாச் சங்கங்களையும் சந்திக்க வேண்டும் என்பது விதி. தனித்தனியாகச் சந்திக்கலாம், சில சங்கங்களைச் சேர்த்தும் சந்திக்கலாம். ஊர்க்காரர்கள் 'கவர்னர் விசிட்' என்று சொல்வது இதைத்தான்.

இங்கே 'மாவட்டம்' என்பது கலெக்டர் ஆபீஸ் கணக்கு அல்ல. பல வருவாய் மாவட்டங்கள் சேர்ந்து ஒரு ரோட்டரி மாவட்டமாகும். மாநில எல்லைகூட அதற்குத் தடையில்லை. பல ஆண்டுகளாகக் கோயம்புத்தூரும் கேரளத்தின் கொச்சியும் ஒரே ரோட்டரி மாவட்டத்தில் இருந்தன. நூறு சங்கங்கள் உள்ள மாவட்டம் என்றால் ஆளுநரின் ஆண்டில் பாதி காரிலேயே ஓடிவிடும். சொந்தத் தொழிலை மகனோ, மனைவியோ, பங்குதாரரோ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலை இட்லி முதல் இரவு மணி வரை

விசிட் நாள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் நடக்கும்.

காலையில் ஒரு உறுப்பினர் வீட்டில் சிற்றுண்டி. அதற்குள் நான்கு பேர் நான்கு பொன்னாடைகளைப் போர்த்திவிடுவார்கள். பிறகு அரசுப் பள்ளியில் கழிப்பறைத் திறப்பு. அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சக்கர நாற்காலி வழங்கல். வழியில் மரக்கன்று நடுதல். மதியம் தலைவர், செயலாளர், பொருளாளரோடு மூடிய அறையில் கணக்குப் பார்ப்பது. எத்தனை புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், சந்தா பாக்கி எவ்வளவு, அறக்கட்டளைக்கு நன்கொடை எவ்வளவு?

மாலையில் கல்யாண மண்டபமோ ஓட்டல் ஹாலோ. தலைவர் மேடை மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கிவைப்பார். நலத்திட்ட உதவிகள் வரிசையாக வரும். தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, மூன்று சக்கர சைக்கிள், கல்வி உதவித்தொகைக் காசோலை. ஆளுநர் பேசுவார். நன்றியுரை, தேசிய கீதம், சாப்பாடு.

இதில் தவறு ஒன்றும் இல்லை. தையல் இயந்திரம் வாங்கிப்போகும் பெண்ணுக்கு அது நிஜமான உதவி. வேலை முடித்துவிட்டு வந்து, சொந்தக் காசைப் போட்டு, நேரத்தையும் கொடுக்கும் மளிகைக்கடைக்காரரையும் மருத்துவரையும் ஆடிட்டரையும் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால் அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. 'போன வருடம் திறந்ததை இந்த வருடம் போய்ப் பார்ப்பது.'

சங்கத்தின் முதல் வேலையே கழிப்பறைதான்

இந்தச் சங்கங்கள் பிறந்த கதை தெரிந்தால், அந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்பது புரியும்.

1905 பிப்ரவரி 23. அமெரிக்காவின் சிகாகோ நகரம். பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்கடை வணிகர். பெரிய நகரத்தில் தனிமையாக இருந்தவர்களுக்கு நட்பு வேண்டியிருந்தது. இன்று உன் அலுவலகம், அடுத்த முறை என் அலுவலகம் என்று சந்திக்கும் இடத்தைச் சுழற்றிக்கொண்டார்கள். அந்தச் சுழற்சியிலிருந்து வந்ததுதான் 'ரோட்டரி' என்ற பெயர். தமிழில் 'சுழற்சங்கம்' என்று எழுதுவதும் அதனால்தான்.

நட்பு மட்டும் போதாது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியபோது அவர்கள் கையில் எடுத்தது என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை! 1907-ல் தொடங்கிய முயற்சி அது. சிகாகோ நகர மண்டபத்தின் அருகே பொதுமக்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று கேட்டார்கள். மதுக்கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். பெரிய ஜவுளிக் கடைகளும் எதிர்த்தன. காரணம் எளிது. கழிப்பறைக்காக உள்ளே வருகிறவர் ஒரு கோப்பை பீராவது வாங்குவார், கடைக்குள் வரும் பெண்மணி ஏதாவது பொருளாவது வாங்குவார். அந்த வியாபாரம் போய்விடுமே!

எதிர்ப்பை மீறிக் கழிப்பறை வந்தது. அந்தச் சங்கம் செய்த முதல் பொதுச்சேவை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அன்றைக்கு அவர்கள் கேட்டது 'அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லாதவர் எங்கே போவார்?' என்ற கேள்வி. நம் ஊர்ப் பள்ளிகளில் கட்டப்படும் ஒவ்வொரு கழிப்பறைக்கும் பொருந்தும் கேள்வி அதுவே. கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவி பார்ப்பதில்லை. கதவு பூட்டியிருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்க்கிறாள்.

ஒரு வருடப் பதவியின் இரண்டு பக்கம்

சங்கத் தலைவர் பதவியும் வழக்கமாக ஒரு வருடம்தான். ஆளுநர் ஒரு வருடம். உலகத் தலைவரும் ஒரு வருடம். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒரே ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருபது வருடம் உட்கார முடியாது. மருந்துக்கடைக்காரருக்கும் வாய்ப்பு வரும், ஆசிரியருக்கும் வரும்.

கெடுதலும் இங்கேதான் இருக்கிறது. ஜூலை 1 அன்று புதிய தலைவர் வருகிறார். அவருக்கு அவருடைய திட்டம் வேண்டும். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு வேண்டும். போன வருடத் தலைவர் வைத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் அப்போது யாருடைய பிள்ளை? அதற்கு அப்பா அம்மா இல்லை.

ஆர்.ஓ. இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வடிகட்டிகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் சவ்வு, தண்ணீரின் தன்மையைப் பொறுத்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடும். உப்புத் தண்ணீர் ஊரில் இன்னும் சீக்கிரம் போகும். மாற்றும் செலவு யார் பொறுப்பு? தலைமை ஆசிரியரிடம் அதற்கெனத் தனி நிதி இருக்காது. சங்கத்தின் புதிய தலைவருக்கு அந்த இயந்திரம் இருப்பதே தெரிந்திருக்காது. ஒரு நாள் தண்ணீர் வருவது நின்றுவிடும். மறுநாள் முதல் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார்கள். இயந்திரம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும், மேலே பித்தளைப் பலகை மட்டும் பளபளக்கும்.

மரக்கன்றின் கதை இன்னும் வேடிக்கை. "போன கவர்னர் நட்ட அதே குழியிலேயே இந்தக் கவர்னரும் நட்டார்" என்று உறுப்பினர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சிரிப்புக்குப் பின்னால் உண்மை இருக்கிறது. கூண்டு வைத்து, கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காத கன்று ஏப்ரலைத் தாண்டாது.

பால் ஹாரிஸும் மரம் நட்டவர்தான். 1930-களில் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா என்று சங்கங்களைப் பார்க்கப் போன இடமெல்லாம் 'நட்பு மரம்' நட்டார். கன்றை நடுபவர் அன்று மாலையே ஊரைவிட்டுப் போய்விடுவார். மறுநாள் தண்ணீர் ஊற்ற வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். மரத்துக்கு மட்டுமல்ல, எல்லாத் திட்டத்துக்கும் இதுதான் கணக்கு.

கண் முகாம் சொல்லித்தரும் பாடம்

முடிந்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது எப்படி என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். மதுரைக்குப் போனால் போதும்.

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கிராமத்து முகாம்களில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஊரில் விளம்பரம் செய்வது, பள்ளியில் இடம் பிடிப்பது, பெரியவர்களை அழைத்துவருவது ஆகியவை முகாம் நடத்தும் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. அரிமா சங்கம், ரோட்டரி சங்கம், கோயில், மில் என்று யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் இருக்கலாம். பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு.

ஒரு காலத்தில் கண்புரை அறுவை சிகிச்சையைப் பள்ளிக்கூட அறையிலேயே செய்தார்கள். கிருமித்தொற்று அபாயம் இருந்தது. பிறகு முறை மாறியது. முகாமில் பரிசோதனை மட்டும் நடக்கும். அறுவை சிகிச்சை தேவைப்படுபவரைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், லென்ஸ் பொருத்தி, மறுபடியும் ஊரில் கொண்டுவந்து விடுவார்கள்.

முக்கியமான கட்டம் அதற்குப் பிறகுதான். சில வாரங்கள் கழித்து மருத்துவக் குழு அதே ஊருக்குத் திரும்ப வரும். பார்வை எப்படி இருக்கிறது, சொட்டு மருந்து ஒழுங்காகப் போட்டார்களா, கண்ணாடி வேண்டுமா என்று பார்க்கும். அந்த நாளில் மேடை கிடையாது. பொன்னாடை கிடையாது. ஒரு பாட்டி தன் பேத்தியின் முகத்தைப் பார்த்து, "நீ இவ்ளோ வளர்ந்துட்டியாடி?" என்று கேட்டால், அதுதான் அந்த முகாமின் ஆண்டறிக்கை.

ஆளுநர் தன் விசிட்டை இந்த இரண்டாவது நாளில் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? புகைப்படம் குறைவாகத்தான் கிடைக்கும். உண்மை அதிகமாகக் கிடைக்கும்.

பார்வை இழந்தவர்களுக்கான சேவையில் அரிமா சங்கங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. மெல்வின் ஜோன்ஸ் என்ற சிகாகோ காப்பீட்டுத் தொழிலர் 1917-ல் தொடங்கிவைத்த அமைப்பு அது. 1925-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அதன் மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். பார்வையற்றோருக்காக இந்தச் சங்கம் போராட வேண்டும் என்று நேரடியாகக் கேட்டார். வெறும் கைதட்டலோடு அவர்கள் அதை விட்டுவிடவில்லை. 1930-ல் பியோரியா என்ற ஊரின் அரிமா சங்கத் தலைவர், பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்கத் தடுமாறுவதைப் பார்த்து, கறுப்புக் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசிச் சிவப்புப் பட்டை போடும் யோசனையைச் சொன்னார். வெள்ளைக் கைத்தடி வைத்திருப்பவருக்கு வாகனங்கள் வழிவிட வேண்டும் என்று அந்த நகரமே சட்டம் போட்டது. இப்படி ஒரு தலைவர் தெருவில் இறங்கி நின்று பார்த்ததால் நடந்தது அது.

போலியோ: கைமாறிக்கொண்டே இருந்த ஒரே வேலை

ஒரு வருடப் பதவிக்காரர்களால் நீண்ட வேலை எதுவும் முடியாது என்று சொல்பவர்களுக்குப் பதில், போலியோ.

1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பணியை ரோட்டரி எடுத்துக்கொண்டது. 1985-ல் அதை உலகத் திட்டமாக அறிவித்தது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. திரண்டதோ 24 கோடியைத் தாண்டியது. 1988-ல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்றவை சேர்ந்து உலகளாவிய ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் போலியோவால் முடங்கிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் இதில் முன்னோடி. ஒரே நாளில் ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுக்கும் முறையை வேலூரில் செய்துகாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். உள்ளூர் ரோட்டரியின் துணையும் அதற்கு இருந்தது. 1995 முதல் நாடு முழுவதும் 'பல்ஸ் போலியோ' ஞாயிறுகள் வந்தன. பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் நீல ஐஸ் பெட்டியோடு நின்ற தன்னார்வலர்களை, சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்ட பிள்ளைகளை இன்றைய இளம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அவர்கள்தான்!

2009-ல்கூட இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. உலகிலேயே அதிகம். இந்தியாவால் முடியவே முடியாது என்று சொன்ன நிபுணர்கள் இருந்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

1985 முதல் 2014 வரை 29 ஆண்டுகள். அதற்குள் ஒவ்வொரு ரோட்டரி மாவட்டத்துக்கும் 29 ஆளுநர்கள் வந்து போயிருப்பார்கள். "இது எனக்கு முன்னாடி இருந்தவரோட திட்டம், எனக்கு வேண்டாம்" என்று நடுவில் ஒரு தலைமுறை சொல்லியிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும்.

இலங்கைக் கதை இன்னும் கனமானது. போர் நடந்துகொண்டிருந்த காலம். வடக்கில் இருக்கும் குழந்தைக்குச் சொட்டு மருந்து போக வேண்டுமானால் துப்பாக்கிகள் ஒரு நாளாவது ஓய வேண்டும். அன்று ரோட்டரியின் இலங்கைப் போலியோ குழுவுக்குத் தலைவராக இருந்தவர் கொழும்பைச் சேர்ந்த கே.ஆர். ரவீந்திரன். யுனிசெஃபோடு சேர்ந்து இரு தரப்பிடமும் பேசி, தடுப்பு மருந்து நாட்களில் சண்டையை நிறுத்திவைக்க வழிசெய்தவர்களில் அவரும் ஒருவர். சுனாமிக்குப் பிறகு 25 பள்ளிகளைத் திரும்பக் கட்டும் திட்டத்தையும் அவர் முன்னின்று நடத்தினார். 2015-16-ல் ரோட்டரியின் உலகத் தலைவராக அவர் பல நாடுகளின் சங்கங்களுக்குப் போனபோது, அவரோடு கூடவே போனது இந்த அனுபவம்தான்.

உலகில் போலியோ இன்னும் முழுமையாக ஒழியவில்லை. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் அந்த வைரஸ் மிச்சம் இருக்கிறது. வேலையும் மிச்சம் இருக்கிறது.

பெண்கள் மேடைக்கு வந்த பிறகு

விசிட் நாளில் மனைவிமார்களுக்குத் தனி நிகழ்ச்சி வைப்பது நீண்ட நாள் வழக்கம். 'ஆன்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். கோலப்போட்டி, சமையல் போட்டி, ஆளுநரின் துணைவியாருக்குப் பட்டுப்புடவை. உறுப்பினராகும் உரிமை மட்டும் இல்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூர்ச் சங்கம் 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்தது. விதியை மீறியதாகச் சொல்லிச் சங்கத்தின் அங்கீகாரமே பறிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987 மே மாதம் பெண்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டில் அரிமா சங்கமும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 2022-23-ல் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் ரோட்டரியின் முதல் பெண் உலகத் தலைவரானார்.

இந்த மாற்றம் மேடையில் எத்தனை புடவைகள் என்ற கணக்கோடு முடிவதில்லை. பள்ளிக் கழிப்பறையைப் பார்க்கப் போகும் குழுவில் ஒரு பெண் இருந்தால் கேள்வியே மாறுகிறது. "உள்ளே தாழ்ப்பாள் இருக்கா? நாப்கின் எரிக்கிற மெஷின் ஓடுதா? குப்பைக்கூடை எங்கே? பக்கெட்டும் மக்கும் யார் வாங்கறது?" கல்வெட்டின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நான்கு ஆண்களுக்கு இதெல்லாம் தோன்றாமல் போவது அதிசயமில்லை.

நல்ல விசிட் எப்படி இருக்கும்?

அனுபவம் உள்ள ஆளுநர்கள் பேனரைப் பார்ப்பதில்லை, பழைய கோப்பைக் கேட்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன் திறந்த ஏதாவது ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து, "முதலில் அங்கே போகலாம்" என்பார்கள். தலைவர் முகம் ஒரு கணம் மாறும். சாவி யாரிடம் இருக்கிறது என்று தொலைபேசிகள் பறக்கும். அந்தப் பத்து நிமிடத் தடுமாற்றம் சங்கத்துக்கு ஒரு வருடப் பாடம்.

அங்கே போய்க் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இது இன்றைக்கு ஓடுகிறதா? தினமும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பராமரிப்புச் செலவு எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? பொறுப்பாளர் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்குத் தெரியுமா?

ரோட்டரி அறக்கட்டளையின் பெரிய உதவித்திட்டங்களில் இந்த எண்ணம் விதியாகவே இருக்கிறது. 'குளோபல் கிராண்ட்' என்ற திட்டத்துக்குக் குறைந்தபட்ச மதிப்பு 30,000 டாலர். இரண்டு நாடுகளின் சங்கங்கள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு என்ன தேவை என்று முதலில் ஊர்க்காரர்களிடமே கேட்டு ஆய்வு செய்திருக்க வேண்டும். பணம் தீர்ந்த பிறகும் திட்டம் எப்படி ஓடும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பெரிய திட்டத்துக்கு இருக்கும் இந்த ஒழுங்கை ஐம்பதாயிரம் ரூபாய்த் திட்டத்துக்கும் கடைப்பிடிக்கச் சங்கத்தை யாரும் தடுக்கவில்லை. ஒரு பக்கத் தாளில் எழுதி, பொறுப்பாளர் பெயரும் கைபேசி எண்ணும் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் முடிந்தது.

புதிய தலைவருக்கும் ஒரு எளிய வழி உண்டு. பதவியேற்ற முதல் மாதத்தில் புதிதாக எதையும் திறக்காமல், கடந்த ஐந்து ஆண்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வரலாம். பழுதானதைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு, புதியது வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவு. ஐந்து முன்னாள் தலைவர்களின் நட்பும் இலவசமாகக் கிடைக்கும்.

தலைமை ஆசிரியர் ஏன் பேசுவதில்லை?

இதில் இன்னொரு தரப்பு உண்டு. உதவி வாங்கிக்கொண்டவர்கள்.

இயந்திரம் நின்று ஆறு மாதம் ஆகியிருக்கும். ஆனால் ஆளுநர் வரும் நாளில் தலைமை ஆசிரியர் அதைச் சொல்ல மாட்டார். "எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்" என்பார். பொய் சொல்லும் எண்ணம் அல்ல அது. கொடுத்தவர்களின் மனம் நோகக் கூடாது என்ற பண்பு ஒரு பக்கம். குறை சொன்னால் அடுத்த முறை வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் மறுபக்கம். ஸ்மார்ட் வகுப்பறை வேண்டும் என்று ஒரு மனு அவர் மேசை டிராயரில் காத்திருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்குத்தான் துணிவு வரும்?

அதனால் நிகழ்ச்சி நிரலில் பயனாளிகளுக்கு ஒரே ஒரு இடம்தான் கிடைக்கிறது. நன்றியுரை. "இந்தப் பேருதவியைச் செய்த..." என்று தொடங்கி எல்லார் பெயரையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் இலை போட்டுவிடுவார்கள்.

நன்றியுரைக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மேடையில்கூட வேண்டாம், இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று கேட்கலாம். "என்ன குறை? சொன்னால் அடுத்த உதவி நிற்காது" என்று ஆளுநரே முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அந்த உறுதியைத் தருவதற்கு உள்ளூர்த் தலைவரைவிட வெளியூர் ஆளுநருக்கு வசதி அதிகம். அவர் யாருக்கும் பங்காளி இல்லை, யாரோடும் பழைய மனத்தாங்கல் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பதில் இருக்கும் பயனே அதுதான்.

தலைமை ஆசிரியர் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. பள்ளிக்கூட ஆயாம்மாவைக் கேட்கலாம். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்த அறை எப்போதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் நல்லது. அவர்களுக்கு மறைக்கத் தெரியாது.

அடுத்த ஜூலையில் புதிய முகத்தோடு புதிய பேனர் வரும். மாலைகள் வரும், மேளம் வரும். வரட்டும். அந்த ஊர்வலம் புதுக் கல்வெட்டுக்குப் போகும் வழியில், பழைய பூட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகட்டும். சாவியை மட்டும் யாராவது முந்தின நாளே தேடி எடுத்து வையுங்கள்.